வைண்டிங் கடையில் உட்காராமல் மோட்டாரை ஆராய முடியாது: பாசன மோட்டார் ஆய்வுக் குழுவினருக்குத் திறந்த மடல்

ஆய்வுக் குழுவினருக்கு,

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பாசன மின்மோட்டார் எப்படிப் புழங்குகிறது, எப்படிப் பழுதாகிறது, எப்படிச் சரிசெய்யப்படுகிறது என்று ஆராயத்தான் உங்கள் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் உயிரான பகுதியை இப்போது எடுத்துவிட்டீர்கள். கருகிய மோட்டாருக்குப் புதிதாகக் காயில் (செம்புக் கம்பிச் சுற்று) கட்டும் வைண்டிங் கடைகளிலும் தோட்டங்களிலும் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் தங்கி, வேலை நடக்கும்போதே பார்த்து எழுதுவதாக இருந்தது. அதற்குப் பதிலாகக் கைபேசியில் ஒரு வினாப்படிவம் வரப்போகிறது. தோட்டத்துக்கு இருபது நிமிடம், நிரப்புவது கல்லூரி மாணவர்கள். தங்கிப் பார்ப்பது செலவு, அதில் கிடைப்பது ஆய்வாளரின் சொந்த அபிப்பிராயம் என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். இந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. அந்தப் படிவம் எதையெல்லாம் தவறாகப் பதிவு செய்யும் என்பதை வேலையிலிருந்தே எடுத்துக் காட்டுகிறோம்.

படிவத்தின் முதல் கேள்வி, மோட்டாரின் குதிரைத்திறன். கொங்கு நாட்டில் ஒரு விவசாயியிடம் இதைவிடக் கூச்சமான கேள்வியைக் கேட்க முடியாது. இலவச மின்சார சர்வீஸ் ஒவ்வொன்றுக்கும் இத்தனை குதிரைத்திறன் என்று ஒப்புதல் உண்டு. நீர்மட்டம் இறங்க இறங்க, ஒப்புதல் அப்படியே இருக்க, போர்வெல்லுக்குள் இறங்கும் மோட்டார் பெரிதாகிக்கொண்டே போன தோட்டங்கள் ஏராளம். மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்த வட்டாரம் இது. கையில் கைபேசியோடு வரும் மாணவரைப் பார்த்ததும் “ஈ.பி.யிலிருந்து வர்றீங்களா?” என்றுதான் கேட்பார்கள். பிறகு சர்வீஸ் அட்டையில் உள்ள எண்ணைச் சொல்வார்கள். உங்கள் அட்டவணையில் ஏறுவது அந்த அட்டை எண். போருக்குள் இருக்கும் மோட்டார் எந்த அட்டவணையிலும் ஏறாது.

அடுத்தது, பழுதுக்கான காரணம். படிவத்தில் நான்கு கட்டங்கள் உள்ளன: மின்னழுத்தக் குறைவு, அதிகச் சுமை, தண்ணீர் இல்லாமல் ஓடியது, மற்றவை. விவசாயிக்குத் தெரிந்தது மோட்டார் நின்றுபோனது மட்டும்தான். பழுதின் காரணம் காயிலில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வைண்டிங் கடையில் இருக்கிறார். பம்பும் மோட்டாரும் ஒன்றாகத் தரைக்கு மேலே இருக்கும் மோனோபிளாக் மோட்டாரின் மூடியைக் கழற்றியதும் அவர் பார்ப்பது எந்தக் காயில் கருகியிருக்கிறது, எது புதுசு போல இருக்கிறது என்பதைத்தான். மூன்று பேஸின் காயில்களும் ஒரே புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்புள்ள மோட்டாருக்கு, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை (பேஸ்) வராமல் போனால் மற்ற இரண்டு பேஸின் காயில்களும் கருகும். மூன்றாவது பளபளப்பாக இருக்கும், ஏனென்றால் அதில் மின்னோட்டமே இல்லை. அவை முக்கோணமாகச் சேரும் டெல்டா இணைப்பில் இது தலைகீழ். ஒரு பேஸின் காயில்கள் மட்டும் கருகி, இரண்டு பேஸ் நன்றாக இருக்கும். மூன்று பேஸும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சுமை கூடியிருக்க வேண்டும், அல்லது மூன்றிலும் வோல்டேஜ் இறங்கியிருக்க வேண்டும். ஒரு காயிலில் ஓரிடம் மட்டும் உருகி முடிச்சாகி, பக்கத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தால் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே இன்சுலேஷன் போயிருக்கிறது. காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டின் வாயருகே கருகியிருந்தால் காயிலை இறக்கும்போதே இன்சுலேஷன் பேப்பர் கிழிந்திருக்கலாம். அது போன தடவை கட்டியவரின் கைப்பிழை, ஈ.பி.யின் தவறு அல்ல. போருக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிளில் இத்தனை தெளிவு கிடைக்காது, அங்கே கம்பியின் பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் சுழலும் பாகமான ரோட்டரின் பக்கவாட்டையும் அதன் அழுத்தத்தைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். இவ்வளவும் மேசைமேல் சில நிமிடங்களில் நடந்து முடிகிறது. எதுவும் எழுதப்படுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கிடைக்கிறது.

எழுதப்படுவதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு கடையிலும் ஒரு பழைய நோட்டு இருக்கும். கருகிய காயிலை வெளியே எடுக்கும்போது அதை அறுத்து, அறுபட்ட முனைகளை எண்ணி, சுற்றின் எண்ணிக்கையை அதில் குறிப்பார்கள். கூடவே கம்பியின் கேஜ் (தடிமனைக் குறிக்கும் எண், எண் குறைந்தால் கம்பி தடிமன்), ஸ்லாட்டுகள் 24-ஆ 36-ஆ, காயில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, ஸ்டாரா டெல்டாவா, மோட்டார் எந்தக் கம்பெனி என்பதும் இருக்கும். இந்த எண்ணிக்கையில் வெளியாள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 88 முனை என்றால் 88 சுற்று என்று எழுதிவிடுவார். இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றிய காயில் என்றால் அது 44 சுற்றுதான். கேஜ் அளக்கும்போது எனாமலைச் சுரண்டாமல் மைக்ரோமீட்டர் வைத்தால் கம்பி இருப்பதைவிடத் தடிமனாகக் காட்டும். பலர் கையில் பத்து, இருபது வருட மோட்டார்களின் வரலாறு இந்த நோட்டுகளில் கிடக்கிறது. உங்கள் படிவத்தில் இந்த நோட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

நோட்டு இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு மட்டும் காயில் கட்டிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 350 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஸ்டார்ட் ஆகும் விசை ஏறத்தாழ 71 சதவீதமாகச் சுருங்கிவிடும். மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும், ஆம்பியர் கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே விழும். இப்படி வரும் மோட்டாருக்கு வைண்டர் சுற்றைக் குறைத்துக் கட்டுகிறார். 60 சுற்று இருந்த ஸ்லாட்டில் 54 போட்டு, ஸ்லாட்டில் கிடைத்த இடத்தை நிரப்ப 20-ஆம் கேஜுக்குப் பதிலாக அரை கேஜ் தடிமன் கூட்டி 19½ போடுகிறார். இனி அது 373 வோல்ட்டுக்கான மோட்டார். பகலில் நன்றாக ஓடும். இரவில் சுமை குறைந்து 440 வந்தால், இரும்பு தாங்கும் அளவைத் தாண்டிக் காந்தப்புலம் ஏறும். தண்ணீர் இறைக்காத நிலையிலேயே ஆம்பியர் எகிறும், மோட்டார் சூடாகும். இது வைண்டருக்குத் தெரியும். அதனால்தான் “ராத்திரி ஓட்டுவீங்களா?” என்று அவர் முதலில் கேட்கிறார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தோட்டம் எத்தனை கம்பம் தள்ளி இருக்கிறது, அதே லைனில் யாருடைய மோட்டாரெல்லாம் ஓடுகிறது என்றும் கேட்கிறார். அவருடைய பொறியியல் கணக்கில் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒரு எண்.

இதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் படிவம் மின்சிக்கன நட்சத்திரக் குறியீடு எத்தனை என்று கேட்கிறது. ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர் மோட்டார் உடம்பில் ஒட்டியபடியே இருக்கும். உள்ளே காயில் மூன்று தடவை மாறியிருக்கும். பழைய காயிலை எடுக்க, அது உட்காரும் இரும்புப் பாகமான ஸ்டேட்டரைத் தீயில் போட்டுச் சுட்டிருந்தால் இன்னும் மோசம். வெப்பம் ஏறத்தாழ 370 டிகிரியைத் தாண்டினால் இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சு கெட்டுவிடும், பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இரும்பே சூடாகிக்கொண்டிருக்கும். உளியால் ஒரு பக்கம் அறுத்து மறுபக்கம் இழுத்தெடுக்கும் கடையையும், தீ வைக்கும் கடையையும் ஸ்டிக்கரை வைத்துப் பிரித்தறிய முடியாது. மின்சிக்கனக் கொள்கைக்கு உங்கள் ஆய்வு அடிப்படையாகும் என்கிறீர்கள். ஸ்டிக்கரை எண்ணி அந்தக் கொள்கையை எழுதினால், கருகும் காயிலுக்கும் வீணாகும் யூனிட்டுக்கும் அது எந்தப் பதிலும் சொல்லாது.

பாதுகாப்புக் கருவி உண்டா என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் உண்டு என்றே சொல்வார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால், ஒரு பேஸ் வராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் இருக்கிறது, உண்மைதான். மும்முனை மின்சாரம் வராத நேரத்தில் இரண்டு பேஸில் ஓட்ட கெப்பாசிட்டர் போட்டிருக்கிறார்கள். அப்படி ஓட்டும்போது பிரிவென்டர் தன் கடமையைச் செய்தால் மோட்டாரை நிறுத்திவிடும். ஆகவே அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சுவிட்ச் இருக்கும். மும்முனை திரும்பி வந்த பிறகும் அந்தச் சுவிட்ச் அப்படியே கிடக்கும். ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழுந்தால் அதன் திருகை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். கருவி இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மோட்டார் கருகுகிறது. மூன்று பேஸுக்குள் 3.5 சதவீத வோல்டேஜ் வேறுபாடு இருந்தாலே காயிலின் வெப்ப உயர்வு கால்பங்கு கூடிவிடும். கெப்பாசிட்டரில் ஓடும் மோட்டாரில் வேறுபாடு அதைவிடக் கூடலாம். விவசாயிக்கும் இது தெரியும். காயில் கட்டும் செலவையும் காய்ந்துபோகும் வாழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சுவிட்சைப் போடுகிறார். அவரை அறியாதவர் என்று உங்கள் அறிக்கை எழுதிவிடுமோ என்பது எங்கள் பெரிய கவலை.

சப்மெர்சிபிள் கட்டும் வேலையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இங்கே முன்கூட்டியே அச்சில் சுற்றிய காயிலை இறக்குவதில்லை. உறை போட்ட கம்பியை ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு சுற்றாகக் கோத்து இழுக்க வேண்டும். ஸ்டேட்டரின் இரண்டு பக்கமும் இருவர் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒருவர் தள்ள, மற்றவர் வாங்கி இழுக்கிறார். இழுப்பின் வேகம் கூடினால் ஸ்லாட்டின் விளிம்பு உறையில் ஒரு கீறல் போடும். கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்த நிலையில், இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்தால் நல்ல அளவைக் காட்டும். தண்ணீரில் முழுக்கி ஓரிரவு ஊறவிட்டு மறுபடி வைத்தால்தான் கீறல் வழியாகத் தண்ணீர் போனது தெரியும். இந்த ஊறவைப்பைத்தான் அவசரத்தில் குறைக்கிறார்கள். மோட்டார் எடுக்கும் வண்டி மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடும், பயிர் வாடுகிறது, வாடிக்கையாளர் கடை வாசலில் நிற்கிறார். இரண்டு மணி நேரத்தில் தூக்கி மெக்கர் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு கேபிள் ஜாயின்ட். அங்கே டேப் சுற்றும்போது கையில் கிரீஸ் இருந்தால் போதும், பிடிப்பு விட்டுப்போகும். மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரப்பாமல் இறக்கிவிட்டால் ஓடிய சிறிது நேரத்தில் பேரிங் போய்விடும். எந்தப் படி எந்த நெருக்கடியில் விடுபடுகிறது என்பதுதான் தொழில்நுட்பம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு விடை. ஊறவைப்பீர்களா என்று படிவத்தில் கேட்டால் எல்லாக் கடைக்காரரும் ஆமாம் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, வேலை எப்படி நடக்க வேண்டுமோ அதைச் சொல்கிறார்கள்.

தங்கிப் பார்ப்பது அபிப்பிராயம் என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறோம். அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் இப்படி ஆராய்வது நேற்றுத் தொடங்கியதல்ல. கலிஃபோர்னியாவின் சால்க் உயிரியல் ஆய்வகத்தில் 1970-களில் பிரெஞ்சு ஆய்வாளர் புரூனோ லத்தூர் இரண்டு வருடம் இருந்து, விஞ்ஞானிகள் ஒரு முடிவை எப்படி உண்மையாக நிலைநிறுத்துகிறார்கள் என்று நாள்தோறும் பார்த்து எழுதினார். அதே பத்தாண்டில் பிரிட்டனில் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் ஒருவகை லேசர் கட்டிய ஆய்வகங்களைப் பின்தொடர்ந்தார். வெளியான கட்டுரையை மட்டும் படித்துக் கட்ட முயன்றவர்கள் யாருக்கும் அது வேலை செய்யவில்லை. ஏற்கனவே கட்டியவரோடு நேரில் பழகியவர்களுக்குத்தான் வேலை செய்தது. நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு 1980-களில் சுற்றிய மானுடவியலாளர் ஜூலியன் ஓர் இன்னொன்றைக் கண்டார். கையேட்டில் இல்லாத பழுதை அவர்கள் தங்களுக்குள் பழைய பழுதுகளின் கதைகளைப் பேசிப் பேசித்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பேச்சை வீண்பொழுது என்று நினைத்த நிறுவனத்துக்கே அது பிறகு பாடமானது. பழுதுபார்ப்பவர்கள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு முறையை அமைத்தார்கள். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பல்லடத்திலும் அன்னூரிலும் மாலை டீக்கு நிற்கும் மெக்கானிக்குகள் பேசுவதும் இதே வகைப் பேச்சுதான். அதைக் கேட்கும் காது உங்கள் செயலிக்குக் கிடையாது.

தங்குவதிலும் தவறுகள் உண்டு என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அவற்றுக்கு வழியும் உண்டு. ஆரம்ப நாட்களில் எல்லோரும் ஆய்வாளருக்காக ஒழுங்காக வேலை செய்வார்கள். அந்த நாட்களின் குறிப்பைத் தனியே வைக்க வேண்டும், அதைக் கொண்டு முடிவு எடுக்கக் கூடாது. கை வேலையில் இருக்கும்போது ஏன் என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். செய்தது என்ன என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, வேலை முடிந்தபின் அந்த ஒரு செயலைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். சொன்னதையும் செய்ததையும் நோட்டில் வெவ்வேறு பத்தியில் எழுத வேண்டும். குறிப்பை அன்றிரவே விரித்து எழுதாவிட்டால் மறுநாள் ஆய்வாளரின் ஊகம் அதில் கலந்துவிடும். கடை முதலாளியோடு மட்டும் பேசிவிட்டு வந்தால் ஆய்வு பாதிதான். கம்பி கோக்கும் பெண்கள், மோட்டார் எடுக்கும் வண்டிக்காரர்கள், கருகிய செம்பை எடைக்கு வாங்குபவர் என்று எல்லோரிடமும் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு கடையில் மாதம் எத்தனை கிலோ செம்பு வெளியே போகிறது என்பதே, அந்தச் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் எவ்வளவு கருகுகிறது என்பதற்கு எந்த வினாப்படிவத்தையும்விட நம்பகமான கணக்கு.

பருவத்தையும் மறந்துவிட்டீர்கள். கணக்கெடுப்பை ஒரே மாதத்தில் முடிக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிப் பழுதாகும். ஐப்பசி மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறினால் வேறு பழுது வரும். தூக்க வேண்டிய உயரம் குறைவதால் பம்பு கூடுதல் தண்ணீரைத் தள்ளும், ஆம்பியர் ஏறும், ரிலே விழும். தண்ணீர் நிறைய இருக்கும்போது மோட்டார் நிற்பதைப் பார்த்து மாணவர் ஈ.பி. கோளாறு என்று கட்டத்தை நிரப்பிவிடுவார். வாய்க்கால் பாசனம் உள்ள கோபி பக்கத்தையும் பெரும்பாலும் போரை நம்பியிருக்கும் அவிநாசிப் பக்கத்தையும் ஒரே பட்டியலில் கலந்து சராசரி எடுத்தால் இரண்டில் எந்த ஊருக்கும் அது பொருந்தாது.

எனவே கேட்கிறோம். நீக்கிய களப்பகுதியைத் திட்டத்தில் திரும்பச் சேருங்கள். குறைந்தது ஆறு வைண்டிங் கடைகளில், ஒவ்வொன்றிலும் மூன்று மாதமாவது ஒரு ஆய்வாளர் வேலை நேரம் முழுவதும் இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி கோடையிலும் ஒரு பகுதி மழைக்குப் பிறகும் அமைய வேண்டும். கடையோடு நிறுத்தாமல் சில மோட்டார்களையாவது போரிலிருந்து தூக்குவது முதல் திரும்ப இறக்கி ஆம்பியர் பார்க்கும் வரை பின்தொடருங்கள். அனுப்பப்படும் ஆய்வாளர்களுக்கு முதலில் காயில் எண்ணவும் கேஜ் பார்க்கவும் ஒரு வைண்டரே கற்றுக்கொடுக்கட்டும். அவருக்கு அதற்கான சம்பளத்தைப் பயிற்சியாளர் என்ற கணக்கிலேயே கொடுங்கள்.

வினாப்படிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. களக்குறிப்பு வந்த பிறகு, அதிலிருந்து கேள்விகளை எழுதுங்கள். குதிரைத்திறன் கேள்வியை எடுத்துவிட்டு, எத்தனை தடவை காயில் கட்டியது, கடைசியாகக் கட்டியபோது சுற்றைக் குறைத்தார்களா, இரவு வோல்டேஜ் எவ்வளவு என்று கேளுங்கள்.

நோட்டுகளைப் பற்றி ஒரு உறுதி எழுத்தில் வேண்டும். அவை அந்தக் கடையின் மூலதனம். உரிமையாளர் ஒப்புக்கொள்ளாமல் படம் எடுக்கக் கூடாது, ஒரு கடையின் எண்களை இன்னொரு கடைக்கோ கம்பெனிக்கோ தரக் கூடாது. தோட்டத்தின் சர்வீஸ் எண்ணைப் பதியவே கூடாது. சேகரித்த தகவல் எதுவும் ஒப்புதல் குதிரைத்திறனைச் சரிபார்க்கப் பயன்படாது என்று குழுவின் தலைவர் கையொப்பமிட்ட தமிழ்க் கடிதம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

அறிக்கையின் வரைவை அச்சுக்கு அனுப்புமுன் தமிழில், அந்தந்தக் கடையிலும் ஊரிலும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் தவறு என்று சுட்டுவதை அறிக்கையிலேயே பதிவு செய்யுங்கள். கணக்கெடுப்பைத் தொடங்கும் முன் இவற்றுக்கு எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். அதுவரை எங்கள் கடைகளில் படிவம் நிரப்ப வருபவர்களுக்கு ஒத்துழைப்புத் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட வைண்டிங் தொழிலாளர்களும் களஆய்வாளர்களும்